மாசி மாசத்து மரம்

ஆமாம்மா, அந்த வாடை என் பையிலேருந்துதான் வருது. மண்ணெண்ணெய் இல்ல, பயப்படாதீங்க. டர்பன்டைன். ஆயில் பெயிண்டைக் கரைக்கிறது. கண்டக்டர் ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சிக்கிட்டே போனான், நான் ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பாட்டிலைப் பாலிதீன் கவர்ல போட்டு, மேல பழைய சேலைத் துணியும் சுத்தித்தான் வெச்சிருக்கேன். அப்படியும் வருது. நீங்களும் திருச்சிதானே? தலைவலி வந்தா சொல்லுங்க, நான் பின்னால போய் உக்காந்துக்கறேன்.

செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவள்னு நெனச்சீங்களா? இல்லம்மா, படம் வரையறேன். மரம். மரம் மட்டுந்தான் வரைவேன். எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாச்சு. மறு வருஷமே உறையூர்ல எங்க தெருவுல ஒரு மாடில ஆயில் பெயிண்டிங் கிளாஸ்னு போர்டு பாத்துப் போய்ச் சேர்ந்துட்டேன். புருஷன் போன பிற்பாடு கலர் கேக்குதான்னு என் நாத்தனார் கேட்டா. ஆமா கேக்குது, பெட்டி நிறைய கேக்குதுன்னேன். அன்னிலேருந்து அவ எங்க வீட்டுக்கு வர்றதில்ல. வராட்டி போறா.

நான் வரையற மரத்தைப் பாத்து, இதுல எலை எங்க, பட்டை எங்கன்னு கேக்கக் கூடாது. கோடே போட மாட்டோம். கண்ணை இடுக்கிக்கிட்டு மரத்தைப் பாக்கணும். இப்பக்கூட நீங்க பாக்கலாம், அந்தா, ஆத்தோரம் நிக்குது பாருங்க ஒரு புளியமரம். கண்ணை இடுக்குங்க. இன்னும் கொஞ்சம். மரம் போயிடுச்சா? வெளிச்சமும் நெழலும் மட்டும் நிக்குதா? அதைத்தான் தடிப்பாத் தொட்டுத் தொட்டு வெக்கறது. கறுப்பைக் கையால தொடக் கூடாது. நெழல்னா கத்திரிப்பூ கலரு. கிட்ட வந்து பாத்தா சேறு தெறிச்ச மாதிரி இருக்கும், நாலு எட்டு தள்ளிப் போனா மரம் எந்திரிச்சு நிக்கும். இம்ப்ரெஷனிசம்னு பேரு அதுக்கு. பேரு கெடக்கட்டும். பாக்கறவங்களுக்குத் தள்ளி நிக்கத் தெரியணும், அவ்ளோதான். நம்ம ஜனங்களுக்கு எதுக்கும் தள்ளி நிக்கத் தெரியாதே, மூக்கை உள்ள விட்டுத்தான பாப்பாங்க.

கரூருக்கு எதுக்குப் போனேன்னு கேக்கறீங்க. என் பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊரு. தாரணின்னு பேரு. அங்க ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல டீச்சர். நாலு வருஷமாச்சு கல்யாணமாகி. போன வைகாசியில சம்பந்தி வீட்டுல புதுசா வீடு கட்டிப் பால் காய்ச்சினாங்க. பொண்ணு வீட்டுச் சீர் நான் கொண்டு போகணும்ல. குத்துவிளக்கு, வெண்கலப் பானை, வேட்டி சேலை, பழம், பூ, ஒண்ணும் குறை வெக்கல. கூடவே ஒரு படம். நான் வரைஞ்சது. எங்க கொல்லையில நிக்கிற மரம்.

அந்த மரம் என்ன மரம்னு உங்களுக்கு மட்டும் சொல்றேன். கல்யாண முருங்கை. பந்தக்கால் நடும்போது ஒரு முருங்கைக் கொம்பையும் சேத்துக் கட்டுவோம்ல, மஞ்சத் துணி சுத்தி? தாரணி கல்யாணத்துக்குக் கட்டின கொம்பு அது. கல்யாணம் முடிஞ்சதும் அவளும் மாப்பிள்ளையும் கொல்லையில ஊனித் தண்ணி ஊத்திட்டுப் போனாங்க. குச்சியா நின்னது. இன்னிக்கு வீட்டு ஓட்டைத் தாண்டி வளந்துடுச்சு. அது மாசியில மொத்தமா எலையைக் கொட்டிடும். ஒரு எலை இருக்காது. அப்புறந்தான் பூவும் தளிரும். அந்த எலையில்லாத பத்து நாளு இருக்கு பாருங்க, அப்பத்தான் கிளைக்கு நடுவுல வானம் துண்டு துண்டாத் தெரியும். காலையில ஒரு மாதிரி மோர் மஞ்சளா இருக்கும். அந்த வானத்துண்டைத்தான் நான் கடைசியா வெச்சேன். வெச்சு முடிச்சுட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்னேன். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பெருமைக்குச் சொல்லல. நல்லா இருந்துச்சும்மா.

சீர் எடுத்துக்கிட்டு வாசல்ல நுழையறப்ப என் தம்பி பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. அக்கா, நீங்க பின்னால வாங்க, நான் முன்னால போறேன்னா. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் படத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முன்னாலதான் போனேன். என் பொண்ணுக்குச் சீர், என் கையால வரைஞ்ச படம், நான் எதுக்குப் பின்னால போகணும்?

சம்பந்தி அம்மா பேரு சௌந்தரம். குறை சொல்லக் கூடாது, வாங்க வாங்கன்னுதான் கூப்பிட்டாங்க. படத்தைச் சுத்தியிருந்த பேப்பரைப் பிரிச்சாங்க. பிரிச்சுட்டு இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் மெல்ல, “என்ன சம்பந்தி, புது வீட்டுக்குப் பட்ட மரத்தைக் கொண்டாந்திருக்கீங்க?”ன்னாங்க.

பின்னாலேருந்து யாரோ உச்சுக் கொட்டுனாங்க. எல்லாரும் என்னமோ தாரணி பக்கம் திரும்பிப் பாத்தாங்க. நாலு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணும் இல்ல, அதான். அவ பால் பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்புகிட்ட நின்னா. நான் அதையெல்லாம் காதுல போட்டுக்கல. எனக்குப் பேச வேண்டியது படத்தைப் பத்தித்தான். “பட்ட மரம் இல்ல சம்பந்தி, மாசி மாசத்து மரம். ஒரு பத்தடி பின்னால போங்க, கண்ணை இடுக்கிப் பாருங்க”ன்னேன். பாவம், அந்தம்மா பின்னால போனாங்க, ஹோமம் பண்ற ஐயர் மேல இடிச்சுக்கிட்டாங்க. வந்திருந்த ஜனம் மொத்தமும் கண்ணை இடுக்கிக்கிட்டு நிக்குது. நான் வானத்தைக் காட்டறேன், நெழலைக் காட்டறேன், கத்திரிப்பூ கலரைக் காட்டறேன். வாய் வலிக்கப் பேசினேன். கடைசில சம்பந்தி என்ன சொன்னாங்க தெரியுமா? “எல்லாம் சரிங்க, நாலு எலை போட்டுட்டீங்கன்னா மாட்டிடலாம்.”

தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்னு சொல்லிட்டு, சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதையும் சொல்லிடணும்.

படத்தை ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பின்னால செவுத்தைப் பாக்கத் திருப்பி வெச்சுட்டாங்கன்னு அப்புறம் தெரிஞ்சது. தாரணிதான் போன்ல சொன்னா. “அம்மா, தெனம் பேச்சா இருக்கும்மா. நாலு எலை போட்டுக் குடுத்துடேன்.” முடியாதுன்னேன். “சரி, அது என்ன மரம்னு அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்.” எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு பாருங்க. நீயே கேக்கறியா, உனக்கே தெரியலையான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. படத்துக்குக் கீழ பேரு எழுதி ஒட்டற வேலை எனக்கு இல்லடின்னு சொல்லிட்டேன். அப்புறம், சாப்பிட்டியாம்மான்னா. சாப்பிட்டேன்னேன். வெச்சுட்டா.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்னு பாக்கறீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. என் கிளாஸ் மாஸ்டரும் அதைத்தான் சொன்னாரு. முடிஞ்சிருக்கும், ஏன் முடியாது? ஐயோ எங்க மருமக கல்யாண மரமான்னு எடுத்து ஹால்ல மாட்டிப் பூ வெச்சிருப்பாங்க. படத்துக்காக மாட்டியிருப்பாங்களா? முருங்கைக் கொம்புக்காக மாட்டியிருப்பாங்க. அப்புறம் நான் எதுக்குப் பத்து நாளு வெயில்ல உக்காந்து வரையணும், ஒரு போட்டோ எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா?

இது குளித்தலைதானே? ஆமா. இன்னும் நேரம் கெடக்கு.

நேத்து சாயங்காலம் தாரணி வீடியோ கால் பண்ணினா. பேசிக்கிட்டே இருக்கா, அவ தலைக்குப் பின்னால ஹால் செவுத்துல என் படம். அடடே, எடுத்து மாட்டிட்டாங்களேன்னு சந்தோஷமாப் பாத்தா, மரம் முழுக்கப் பச்சை! எலை! என் வானத்தை எல்லாம் அடைச்சுக்கிட்டு எலை! ஒண்ணும் கேக்காம போனை வெச்சுட்டேன். எவனோ போர்டு எழுதற ஆளைக் கூப்பிட்டுப் பூசிட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணு, ஆயில் பெயிண்ட் சட்டுன்னு காயாது. புதுசாப் பூசினது ஒரு வாரம் பத்து நாளு ஈரமாவே இருக்கும். அடியில என் மரம் காஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. கத்தியால மேலாக்க வழிச்சு, டர்பன்டைன்ல துணியை நனைச்சு ஒத்தி எடுத்தா, அவன் பூசினது வந்துடும், என் மரம் நிக்கும். ராத்திரி தூங்கவே இல்ல. காலையில எந்திரிச்சு மொத பஸ்ஸு.

நான் போனப்ப தாரணி ஸ்கூலுக்குப் போயிட்டா, மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டாரு. சம்பந்தியும் அவங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான். அந்தம்மா என்னைப் பாத்ததும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. “ரொம்ப சந்தோஷம் சம்பந்தி, நான் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு எலை போட்டு அனுப்பிட்டீங்களே, இப்பத்தான் வீடு வீடா இருக்கு”ன்னாங்க.

நானா? நான் எங்க போட்டேன்?

“தாரணிதான் சொன்னா, பஸ்ல ஆள் மூலமா உங்களுக்கு அனுப்பினேன், அம்மா சரி பண்ணி அனுப்பிட்டாங்கன்னு.”

“பொய்யி. அது என்கிட்ட வரவே இல்ல. நான் இந்த மாதிரி எலை போடறவளா? எவனைக் கூப்பிட்டுப் பூசினீங்க, அதைச் சொல்லுங்க”ன்னு நான் சத்தம் போட்டேன். அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு. பொய்யான்னு ஒரு தடவை கேட்டாங்க. நான் ஆமான்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? நாற்காலியைப் போட்டு ஏறினேன், படத்தை எறக்கினேன். சம்பந்திக்காரர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு, அவர் கையிலேருந்தே பேப்பரை வாங்கி டைனிங் டேபிள் மேல விரிச்சு, படத்தைப் படுக்கப் போட்டு ஆரம்பிச்சுட்டேன். “எங்க வீட்டுப் பொருளுங்க”ன்னு அந்தம்மா கத்தறாங்க. கையெழுத்து என்னோடதுன்னு சொல்லிக்கிட்டே வழிக்கறேன்.

வழிக்கும்போது ஒண்ணு கவனிச்சேன். போர்டு எழுதற கை இல்ல அது. ஒரு எடத்துலயும் கறுப்பு இல்ல. எலைக்கு அடியில கத்திரிப்பூ கலர் நெழல், கெழக்குப் பக்கம் மட்டும் மஞ்சள் தூக்கலா. என் வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கத்துலேருந்தே வருது. கிளை நுனியில பிரஷ்ஷை மூணு மூணா வெச்சிருந்தது. மூணு எலை, ஒரு காம்பு. கல்யாண முருங்கைன்னு தெரிஞ்சவங்க வெச்ச எலை. அப்புறம் அந்தப் பச்சை. என்னத்தச் சொல்றது. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, எனக்குப் பச்சை வராதும்மா. அஞ்சு வருஷமாக் கலக்கறேன், ஒண்ணு பாசி மாதிரி வரும், இல்லாட்டி பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி வரும். இது அப்படி இல்ல. வெயில் எலைக்குள்ள பூந்து இந்தப் பக்கம் வந்த மாதிரி ஒரு பச்சை. அதைப் பாத்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறிடுச்சு. யாருடா இவன்னு இன்னும் வேகமா வழிச்சேன்.

எல்லாத்தையும் வழிச்சு, ஒத்தி, தொடைச்சு முடிக்கறேன், தாரணி வந்து நிக்கறா. அத்தை போன் பண்ணி வரச் சொல்லியிருக்காங்க. மூச்சு வாங்குது அவளுக்கு. டேபிளைப் பாத்தா. பச்சைத் துணியைப் பாத்தா. அழுவான்னு நெனச்சேன், அழல.

“நான்தாம்மா போட்டேன்”னா.

ஸ்கூல் டிராயிங் ரூம்ல வெச்சு, சாயங்காலம் சாயங்காலம் போட்டாளாம். உனக்கு எங்கடி தெரியும்னேன். “லீவுக்கு வர்றப்பல்லாம் உன் பின்னாலதானேம்மா நின்னேன்”னா. அவ போன் நோண்டிக்கிட்டு நிக்கறான்னுல்ல நான் நெனச்சேன்! சரி, என்ன மரம்னு எப்படித் தெரிஞ்சுதுன்னேன். அதுக்கு அவ சொல்றா, “மொத நாளே தெரியும். நீ உன் வாயால அத்தைகிட்ட சொல்லணும்னுதான் கேட்டேன். பட்ட மரம்னு அவங்க சொன்னப்ப எல்லாரும் என்னைத்தாம்மா பாத்தாங்க. நீ மரத்துக்காகத்தான் பேசின. எனக்காக ஒரு வார்த்தை பேசினியா?”

மரத்துக்குத்தானேடி வாயில்ல, உனக்குத்தான் வாய் இருக்கேன்னேன். வேற என்ன சொல்றது?

“ஆமா, இருக்கு”ன்னா. அப்படியே திரும்பினா மாமியார் பக்கம். நான் அவளை அந்த மாதிரி பாத்ததே இல்ல. “அத்தை, அம்மா போட்டாங்கன்னு நான் சொன்னது பொய்தான். உங்க வாயை மூடறதுக்காகச் சொன்னேன், தப்புதான். இது என் கல்யாணப் பந்தல்ல கட்டின முருங்கை. மாசியில எலை இருக்காது. எலை இல்லேன்னா பட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, மரம் மரந்தான். இனிமே இதுக்கு யாரும் எலை போட வேணாம், நானும் போட மாட்டேன். இது இங்கதான் தொங்கும். இதைப் பாத்து யார் என்ன சொன்னாலும் என்கிட்ட சொல்லச் சொல்லுங்க.”

சொல்லிட்டு அவளே நாற்காலியில ஏறி மாட்டினா. அந்தம்மா உள்ள போயிட்டாங்க. சம்பந்திக்காரர்தான், பாவம், கொஞ்சம் பின்னால போய் நின்னு கண்ணை இடுக்கிப் பாத்தாரு. நல்லாத்தான் இருக்குன்னு முனகினாரு.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் சீர் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தேனே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. என் பொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. போனேன், கிட்டவும் போனேன். “உக்காரும்மா, காபி போடறேன்”னு தள்ளிப் போயிட்டா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. வழியெல்லாம் நான்தான் பேசினேன். என்ன இருந்தாலும் என் ரத்தம், அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு, நான் குடுத்ததுதானேன்னேன். ஏத்திவிட்டுட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னா. நீங்க அப்ப ஏறல, அடுத்த நிறுத்தத்துலதானே ஏறினீங்க. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான்.

அப்பத்தான் எனக்குத் திடீர்னு உறைச்சுது. அவ கலந்த பச்சை உலகத்துல இப்ப எங்கயும் இல்ல. துணியில இருக்கறது டர்பன்டைன்ல கரைஞ்சு சேறாப் போச்சு. தலையை வெளிய நீட்டி, “தாரணி, அந்தப் பச்சையை எப்படிடி கலந்த? என்ன மஞ்சள்? நீலம் எவ்வளவு?”ன்னு கத்தினேன். பஸ்ல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்னையே பாத்தா.

“சொல்ல மாட்டேம்மா”ன்னா.

திமிரைப் பாத்தீங்களா? பெத்தவகிட்ட! நான் விட்டுடுவேன்னு நெனச்சீங்களா? வீட்டுக்குப் போனதும் எல்லா மஞ்சளையும் எல்லா நீலத்தையும் பிதுக்கி வெச்சுக்கிட்டு உக்காரப் போறேன். வர்ற வரைக்கும் கலக்குவேன். வராட்டி திரும்பவும் கரூருக்குப் பஸ் ஏறி, அவ வாசல்ல போய் நிப்பேன், சொல்லுடின்னு.

சொல்லுவாளா? நீங்க என்ன நெனக்கறீங்க, சொல்லுவாளா?